ஆறுக்குட்டியின் ஓல்டான்

ஆங்கிலத்தில் ‘ஹோல்ட் ஆன்’ என்றால் கொஞ்சம் பொறு என்றும், விடாமல் பிடித்துக்கொள் என்றும் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். டெலிபோனில் அதைச் சொல்லிவிட்டு ஆள் எங்கேயோ போய்விடுவதுண்டு. பஸ்ஸில் அது ‘ஓல்டான்’. வண்டியை நிறுத்து என்று பொருள். கீழே சமவெளியில் கண்டக்டர்கள் அதை மூச்சுக்கு மூச்சு சொல்வார்கள். டிரைவரும் அவசரப்படாமல் நாலு கடை தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நீலகிரி மலையில் மஞ்சூரிலிருந்து கெத்தைக்கு இறங்கும் பஸ்ஸின் கண்டக்டர் ஆறுக்குட்டி அந்த வார்த்தையை அப்படிச் செலவழிக்கமாட்டார். காரமடைக்காரர், முப்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். ஆள் ஏறவும் இறங்கவும் அவருக்கு விசில் போதும். பெரிய வளைவுகளில் பஸ் ஒரே வீச்சில் திரும்பாது. ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் திரும்ப வேண்டும். அப்போது மட்டும் இறங்கிப்போய் ஓல்டான் என்று குரல் கொடுப்பார்.

மற்ற கண்டக்டர்கள் மலை ஓரமாக நின்று குரல் கொடுப்பார்கள். ஆறுக்குட்டி பள்ளத்துப் பக்கம், சாலை முடிகிற இடத்தில், பள்ளத்துக்கு முதுகு காட்டி நிற்பார். சக்கரம் தரையை விட்டு விலகுவதற்கு முன்னால் தன்னைத் தாண்டியாக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. மூடுபனியில் டிரைவருக்குக் கண்ணாடியில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்தக் குரல்தான் சாலையின் ஓரம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் சங்கிலி என்ற டிரைவர் புதிதாக வந்தார். ஆறுக்குட்டியைவிட மூத்தவர். கீழே சமவெளியில், பழனி ரோட்டில் வெகுகாலம் ஓட்டியவர் என்பது ஏறுகிறவர் எல்லாருக்கும் முதல் நாளே தெரிந்துவிட்டது. முதல் வளைவில் ஆறுக்குட்டி ஓல்டான் என்றார். வண்டி நின்றது, ஆனால் பழனி ரோட்டுப் பழக்கத்தில் கொஞ்சம் உருண்டுதான் நின்றது. பின்பக்கத் தகடு ஆறுக்குட்டியின் சட்டைப் பொத்தானில் உரசியது.

அவர் முன்னால் வந்தார். “ஏனுங்கண்ணா, ஓல்டான்னு சொன்னனுங்களே.”

“நிறுத்திட்டேனே!”

“நின்னது வேற எடமுங்க.”

“ஒரு சாண் தள்ளி நின்னா என்ன, குடியா முழுகிப்போச்சு? நீ பொறக்கறதுக்கு முன்னால நான் ஸ்டியரிங் புடிச்சவன்!”

“அப்பப் பால்குடி வயசுலயே புடிச்சீங்களாட்டம் இருக்குது,” என்றாள் மூக்கம்மா. கெத்தை மின்நிலைய முகாமுக்கு நாள்தோறும் காய்கறி கொண்டுபோகிறவள். பஸ்ஸே சிரித்தது. ஆறுக்குட்டி சிரிக்கவில்லை.

“எறங்கி வாங்க. நான் நின்ன எடத்துல ஒருக்கா நின்னு பாருங்க.”

சங்கிலி முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். அந்த இடத்தில் நின்றார். அந்நேரம் பார்த்துப் பனி விலகியது. கீழே மரங்களின் தலைகள் தெரிந்தன, அதற்கும் கீழே ஒரு வெள்ளிக் கோடுபோல ஆறு. அவர் மெதுவாகத் திரும்பி வந்து, “பீடி இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

ஆனாலும் கால் பழகிய பழக்கம் ஒரே நாளில் போகுமா? அடுத்த நாட்களிலும் வண்டி கொஞ்சம் கொஞ்சம் உருண்டது. ஆறுக்குட்டி இடத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை, குரலை முன்கூட்டிக் கொடுக்கவும் இல்லை. “மின்னாடியே சொல்லிப் பழகுனா, அப்பறம் அந்தப் பேச்சுக்கே மதிப்பில்லைங்க அக்கா,” என்றார் மூக்கம்மாவிடம்.

ஐப்பசியில் விடாத மழை. ஒரு பகல் பஸ் பாதி வழி இறங்கியதும், முன்னால் சாலையில் பாதி சரிந்து கிடந்தது. மேலே வளைவில் அகலமான இடம் வரை பின்னாலேயே ஏற வேண்டும், வேறு வழியில்லை. எல்லாரையும் இறக்கி மலை ஓரமாக நிறுத்தினார்கள். அன்று அந்த பஸ்ஸில் வந்த நானும் அவர்களோடு நனைந்துகொண்டு நின்றேன். ஆறுக்குட்டி டிக்கெட் பையைக் கழற்றி மூக்கம்மாவிடம் கொடுத்தார்.

“ஏன்யா, சீமைக்கா போற? பையை எங்கிட்ட ஒப்படைக்கிற?”

“பை நனையக் கூடாதுங்க அக்கா.”

வழக்கமான பக்கத்திலேயே போய் நின்றார். “வரட்டும்… வரட்டும்… ஒடிச்சு வரட்டும்…” அவர் ஓர் அடி பின்வாங்க, வண்டி ஓர் அடி ஏறியது. எங்களுக்குப் பனியில் அவர் சட்டை நிறம்தான் தெரிந்தது. திடீரென்று அதுவும் தெரியவில்லை. மண் பொளபொளவென்று சரிகிற சத்தம். அதற்குள்ளிருந்து, தரைக்குக் கீழிருந்து, குரல் வந்தது:

“ஓல்டான்!”

வண்டி நின்றது. உருளவில்லை. ஆணி அடித்தாற்போல நின்றது.

சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் சாலை இல்லை. ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே, ஒரு பாறைத் திட்டில், இடுப்பளவு சேற்றில் ஆறுக்குட்டி. வண்டி வழக்கம்போல ஒரு சாண் உருண்டிருந்தால் அவர் தலைமேல் இறங்கியிருக்கும். சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார்கள். எங்களோடு வந்த மின்வாரிய லைன்மேன்கள் கயிறு போட்டு அவரைத் தூக்கினார்கள். கல் வைத்தாகிவிட்டது என்று பலமுறை சொன்ன பிறகும் சங்கிலி பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

மேலே வந்த ஆறுக்குட்டிக்கு ஒரு செருப்பு இல்லை. முதலில் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு டிரைவரிடம் போய், “நல்லா நிறுத்துனீங்கண்ணா. மின்னால கொஞ்சம் எடுங்க, மலையோரமா ஒடிச்சு ஏறிக்கலாம்,” என்றார்.

“உழுகறப்ப ஐயோன்னு வரலியா உன் வாயில?” என்று கேட்டாள் மூக்கம்மா. அவள் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

“ஐயோன்னா எதுக்குன்னு அண்ணனுக்குத் தெரியாதுங்களே அக்கா.”

மறுபடியும் பள்ளத்துப் பக்கமே, உறுதியான மண் எதுவென்று மிதித்துப் பார்த்து நின்றார். பஸ் மேலே போய்ச் சேர்ந்தது.

சாலை சரியான பிறகு ஒருநாள், மஞ்சூர் கடைவீதியில் பஸ் கிளம்பும்போது, படியில் தொற்றிக்கொண்ட ஒரு டீ பேக்டரி ஆள் விளையாட்டாக “ஓல்டான்!” என்று கத்தினார். பஸ் சடக்கென்று நின்றது. நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். மூக்கம்மாவின் கூடையிலிருந்து கேரட் உருண்டது. சங்கிலி எழுந்து திரும்பிப் பார்த்தார்.

“அது உனக்கில்லை. அதைச் சொல்றதுக்கு இந்த வண்டியில ஒரு ஆள் இருக்காரு. உனக்கு எறங்கோணும்னா அவருகிட்டச் சொல்லு, விசில் அடிப்பாரு.”

ஆறுக்குட்டி யாரையும் பார்க்காமல், குனிந்து கேரட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.