மாமா கொடுத்த வெளிச்சம்

மாமாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவர் செத்துப் பல வருடங்களாகிவிட்டன. அவருடைய ஆன்மாவுக்காக ஜெபித்தும் இருக்கிறேன். எரிச்சல் மட்டும் போகவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு மண்ணெண்ணெய் வரத் தடை இருந்த காலம் அது. மின்சாரம் எப்போதோ போய்விட்டது. எங்கள் குருநகர்க் கரையில் எண்ணெயில்லாமல் படகுகள் கவிழ்த்தபடி கிடந்தன. அப்பாவின் படகு எஞ்சின் வீட்டு மூலையில் சாக்குக்குள் கிடந்தது. ஜாம் போத்தலுக்குள் சொட்டு எண்ணெயோடு திரியைப் போட்டு, அந்தப் பொட்டு வெளிச்சத்தில்தான் சாப்பிட்டோம், படித்தோம். அம்மாவின் அண்ணனான மாமா மட்டும் தடைக்கு முன்பே பீப்பாய் பீப்பாயாக வாங்கித் தன் கடைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை. காசில்லாத பெண்களிடம் தோட்டைக் கழற்றி வாங்கினார். “எல்லாம் அந்தோனியார் தந்தது” என்று நெற்றியில் சிலுவை வேறு போட்டுக்கொள்வார்.

அந்த வருட அந்தோனியார் திருநாளுக்குக் கோயில் முழுக்கத் தன் செலவில் விளக்கு வைப்பதாக அவர் நேர்ந்திருந்தார். திருநாளுக்கு முதல்நாள் பின்னேர ஆராதனைக்குப் போனபோது எனக்குக் கண் கூசியது. குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அந்தோனியார் சுரூபத்தின் இரண்டு பக்கமும் பெற்றோமக்ஸ் விளக்குகள் இரைந்துகொண்டிருந்தன. சுவாமியார் மாமாவின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். முன்வரிசை வாங்கில் மாமா பட்டுவேட்டியோடு தலையைக் குனிந்துகொண்டார், என்னவோ கூச்சப்படுகிறவர்போல. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும் சுற்றுப்பிரகாரத்தில் பூப்போடும் பிள்ளைகளோடு என்னைச் சேர்த்துவிட்டதும், வெள்ளைச் சட்டை தைத்துத் தந்ததும் அவர்தான்.

மன்றாட்டுமாலை தொடங்கியபோது அம்மா ஓடிவந்தார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மத்தியானமே பிள்ளைப்பேற்று வலி தொடங்கிவிட்டதால் அம்மா அங்கேதான் துணைக்கு நின்றிருந்தார். நேரே மாமாவிடம் வந்து குனிந்தார். அவருக்கு நேர் பின்னால் வாங்கில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

“அண்ணை, ஒரு லைற் தாங்கோ. பிள்ளை தலைக்குப் பதிலாக் கால்மாறி வருகுது. இருட்டுக்கை மருத்துவிச்சிக்கு ஒண்டும் தெரியேல்லை.”

“இது நேர்ந்துவிட்ட விளக்கு, தங்கச்சி. தொடக்கூடாது. நாளைக்குக் கடை திறந்தாப்பிறகு அவளின்ரை புருசனைக் காசோடை வரச்சொல்லு.”

“நாளைக்கோ?”

மாமா அம்மாவைப் பார்க்கவில்லை. “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

அம்மா நிமிர்ந்தார். விறுவிறுவென்று பீடத்தடிக்குப் போய், சுரூபத்துக்குப் பக்கத்தில் எரிந்த விளக்கொன்றைத் தூக்கினார். மன்றாட்டு அப்படியே நின்றுபோனது. மாமா பாய்ந்து எழும்பினார்.

“வையடி அதை! அது அந்தோனியாற்றை விளக்கு!”

அம்மா அவர் பக்கம் திரும்பினார். “அவரும் கையிலை ஒரு பிள்ளையைத்தானே வைச்சிருக்கிறார்? அவருக்கு விளங்கும். உங்களுக்குத்தான் விளங்காது. சனத்தை இருட்டிலை விட்டுட்டு இஞ்சை ஆருக்கு வெளிச்சம் பிடிக்கிறியள், அண்ணை? ஆண்டவருக்கோ, உங்கடை காசுக்கோ?”

சுவாமியார் செபப்புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டினார். சனம் விலகி வழிவிட, அம்மா விளக்கோடு நடுவால் நடந்து வெளியே போனார்.

பொம்பிளைப் பிள்ளை பிறந்தது. தாயும் தப்பினாள். விடிந்ததும் அம்மா விளக்கைத் துடைத்துக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். ஆனால் பிள்ளை பிழைத்ததை ஊர் பேசவில்லை; பீடத்தில் கைவைத்தவளைப் பற்றியே பேசியது. கோயில் மூப்பர்மார் வீட்டுக்கு வந்து, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கும்படி சொன்னார்கள். பீப்பாய்களைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. அம்மா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. மாமா ஆளனுப்பி என் வெள்ளைச் சட்டையைத் திருப்பி எடுத்தார். சுற்றுப்பிரகாரத்தில் என் பூத்தட்டோடு வேறொருத்தி போனாள். நான் அம்மாவோடு கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தேன்.

திருநாள் முடிந்து சனம் கலைந்தபிறகு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வெறுங்கோயிலுக்குப் போனார். முழந்தாளில் நின்று, பல்லைக் கடித்தபடி, கன்னத்தில் கண்ணீர் வழிய வெகுநேரம் முணுமுணுத்தார். ஒருவழியாக மன்னிப்புக் கேட்கிறார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்கு வரும்போது, “மன்னிப்புக் கேட்டனீங்களோ, அம்மா?” என்றேன்.

“இல்லை. கேள்வி கேட்டனான்.”

ஆண்டவரிடம் போய்க் கேள்வி கேட்டதற்கு அம்மாவுக்கு என்ன தண்டனை கிடைக்கப்போகிறதோ என்று பயந்துகொண்டே, அவர் கையை இறுக்கிப் பிடித்தபடி நடந்தேன்.