மறுமுனையில் ஒருவரும் இல்லை

1. மதகடிச் சிக்னல்

பூநகரிப் பக்கம் இடமாற்றம் கிடைத்துப் போன முதல் நாளே ஒரு கடை வாசலில் மாட்டிக்கொண்டேன்.

நான் குடும்பநல உத்தியோகத்தர். சனம் சொல்வது மிட்வைஃப் மிஸ். கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. அன்று குறுகிய ஒழுங்கை ஒன்றின் முடிவில் இருந்த ஒரு வீட்டுக்குப் போய்விட்டு, தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்குவதற்காகக் கடையடியில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். எந்த வீடு, எதற்குப் போனேன் என்பதை ஓய்வு பெற்ற பிறகும் எழுத மாட்டேன். கடைக்கார அம்மா போத்தலை எடுத்துத் தர முதலே கேட்டார்.

"மிஸ், உந்த ஒழுங்கைக்குள்ளை ஏன் போனனீங்கள்? அங்கை கலியாணம் கட்டின பெட்டையள் ஒருத்தரும் இல்லையே?"

கடையில் நின்ற எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கைப்பையில் இருந்து போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

"ஓம் சேர். ஓம் ஓம். இப்ப வந்துகொண்டுதான் இருக்கிறன் சேர்."

மர வாங்கில் குந்தி இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர் தலையைத் தூக்கினார். "பிள்ளை, உதிலை நிண்டு ஒண்டும் எடுக்காது. அந்த மதகிலை ஏறி நிண்டால்தான் சிக்னல் வரும்."

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு கடைக்கார அம்மாவின் கேள்வியும் போய்விட்டது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் தொழிலில் இது தேவைப்படுகிறது. ஊரில் எந்தப் பெண்ணுக்கு என்ன என்று எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்று ஊருக்கும் தெரியும். "சொல்லேலாது" என்று சொன்னால், அங்கே சொல்ல ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். "ஒண்டுமில்லை" என்றால் நாளைக்கு நம்ப மாட்டார்கள். போன் இல்லாத காலத்தில் என்னோடு வேலை செய்த மூத்த அக்கா, "ஐயோ பஸ் போகப்போகுது" என்று ஓடுவார். பஸ் வர இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கும்.

இந்தப் பழக்கத்தால் எனக்கு இன்னொன்றும் தெரிய வந்தது. கள்ளமாகப் போன் கதைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு விளங்கிவிடும். அவர்கள் ஒரே மூச்சில் ஓம், ஓம் என்பார்கள். மற்றப் பக்கத்து ஆள் கதைக்க இடம் விட மாட்டார்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, எங்கள் பக்கம் உண்மையாகப் போன் கதைக்கிற ஒருவரும் "கேக்குதோ? கேக்குதோ?" என்று கத்தாமல் கதைத்தது கிடையாது.

2. தர்சினி

தர்சினி என்னுடைய கிளினிக்குக்கு ஒழுங்காக வந்த பிள்ளை. முதல் கர்ப்பம். புருஷன் சுதாகர் கட்டாரில் வேலை. லீவில் வந்து போயிருந்தான். அவள் மாமியார் மலரக்காவோடு பரவைக்கடல் கரையில் இருந்தாள். மலரக்கா றால் வாங்கிக் காயவைத்து விற்கிறவர். வாய் கொஞ்சம் பெரிது. ஆனால் மருமகளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வரும்போது குடை பிடித்துக்கொண்டு வருவார்.

கடைசி மாதத்தில் ஒரு காலைநேரம் தர்சினிக்குப் பிள்ளையின் துடிப்புத் தெரியவில்லை. உடனே கொண்டுபோனார்கள். போகும்போதே எல்லாம் முடிந்திருந்தது. பெண்பிள்ளை. ஏன் என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியவில்லை. சில வேளைகளில் அப்படித்தான்.

பிள்ளை தவறினாலும் நாங்கள் வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். சுரக்கிற பாலுக்குப் பிள்ளை இல்லை என்பது தெரியாது. நான் போனபோது அவளுக்கு மார்பு கட்டிக் கல்லுப் போல இருந்தது. சட்டை நனைந்திருந்தது. குளிர்ந்த துணி வைக்கச் சொன்னேன். பாலை நெரித்து எடுக்க வேண்டாம், தானாக வற்றும் என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நான் கிளினிக் கார்ட்டில் உள்ளபடி ஒவ்வொன்றாகக் கேட்டேன். காய்ச்சல் இருக்குதோ, சாப்பிடுறீரோ, நித்திரை வருதோ. அவள் ஒரு சொல்லில் பதில் சொன்னாள். நான் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவளை நான் றோட்டில்தான் அடிக்கடி கண்டேன். கடைக்குப் போகும்போதும் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போதும் போன் காதில் இருக்கும். என்னைக் கண்டால் கையால் சைகை காட்டுவாள், பிறகு கதைக்கிறன் என்பது போல. நானும் தலையாட்டிவிட்டுப் போவேன். புருஷனோடு கதைக்கிறாள், நல்லதுதானே என்று நினைத்தேன்.

ஒருநாள் குழாயடியில் அவளுக்குப் பின்னால் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவளுக்கு நான் வருவது தெரியாது. முன்னால் இரண்டு பெண்கள் வந்தார்கள். தர்சினி போனைக் காதில் வைத்தாள்.

"ஓம். ஓம். சரி. ஓம்."

பெண்கள் கடந்து போனதும் போனைக் கீழே இறக்கினாள். எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று விட்டேன்.

3. வேறை சிம்

அடுத்த முறை நான் போனபோது மலரக்கா வாசல் படலையிலேயே என்னை மறித்தார்.

"மிஸ், உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். இவள் எந்த நேரமும் போனிலை. பிள்ளை செத்த வீடு மாதிரியே கிடக்கு? ஆரோடை எண்டு கேட்டால் ஒருத்தரோடையும் இல்லையாம். ஊர்ச்சனம் என்னைப் பாத்துச் சிரிக்குது."

"சுதாகரோடை கதைக்கிறாளோ தெரியாது, அக்கா."

"அவனைக் கேட்டன். அவனோடை இரவிலை கொஞ்சம்தானாம். பகலிலை எடுக்கிறேல்லையாம். முன்வீட்டுப் பெட்டையைக் கொண்டு போனைப் பாக்கச் சொன்னன். பகலிலை கோல் ஒண்டும் இல்லை. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டாள். அவன் சொல்லுறான், வேறை சிம் வச்சிருக்கிறாள் போல எண்டு."

"இப்ப போன் எங்கை?"

"பறிச்சு அலுமாரிக்குள்ளை வச்சுப் பூட்டிப்போட்டன். அவன் லீவு கேட்டிருக்கிறான். வந்து ஒரு முடிவு எடுக்கட்டும்."

பகலில் ஒரு கோலும் இல்லாத போன் அந்த வீட்டில் பெரிய குற்றத்துக்குச் சாட்சியாகி இருந்தது.

நான் உள்ளே போனேன். தர்சினி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலை வாரி இழுத்து எத்தனையோ நாள். போன் பறிபோன நாளில் இருந்து அவள் படலை தாண்டவில்லை. பக்கத்தில் வைத்திருந்த சோற்றில் எறும்பு மொய்த்திருந்தது. என் தொழிலில் நான் பயப்படுகிற சில காட்சிகள் உண்டு. இரத்தப்போக்கைக் கண்டு அவ்வளவு பயப்பட மாட்டேன், அதற்குச் செய்ய வேண்டியது தெரியும். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் தாயைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

கார்ட்டை எடுக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். வெளியில் மலரக்கா றாலைக் கிளறுகிற சத்தம் கேட்டது. பிறகு நானே சொன்னேன்.

"பிள்ளை, நானும் அப்பிடித்தான் போனைக் காதிலை வைக்கிறனான். சனம் விடுப்புக் கேட்டு நோண்டினால்."

அவள் திரும்பினாள்.

"ஆஸ்பத்திரியாலை வந்த அண்டைக்கு, மிஸ், பஸ்ஸாலை இறங்கேக்கை ஒரு அக்கா கேட்டா, 'என்ன பிள்ளை, ஆணோ பெண்ணோ?' எண்டு. அவாவுக்குத் தெரியாது. பாவம். சிரிச்சுக்கொண்டுதான் கேட்டா. எனக்கு வாய் வரேல்லை. போனை எடுத்துக் காதிலை வச்சன். அவா போயிட்டா."

"பிறகு?"

"பிறகு எல்லாரும் கேட்டினம். தெரிஞ்ச ஆக்களும் கேட்டினம். ஏன் வேளைக்குக் கொண்டுபோகேல்லை, நீ என்ன சாப்பிட்டனீ, எங்கை விழுந்தனீ. ஒவ்வொருத்தருக்கும் முதலிலை இருந்து சொல்ல வேணும். போனை வச்சால் ஒருத்தரும் கிட்ட வாறேல்லை."

அவள் எழுந்து இருந்தாள். குரல் தெளிவாக வந்தது.

"அந்தப் பக்கத்திலை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை, மிஸ். அதுதான் எனக்குச் சுகம்."

"இதை மாமியிட்டைச் சொன்னனீரோ?"

"அவாவும்தான் கேக்கிறா. கதவைத் திறந்தால் கேள்வி."

"நான் சொல்லட்டோ?"

கொஞ்சம் யோசித்தாள். "நீங்களே சொல்லுங்கோ. எனக்குச் சொல்ல வராது."

அவள் ஓம் என்று சொல்லாமல் நான் வெளியே போயிருக்க மாட்டேன். அது அவளுடைய கதை; இங்கே எழுதுவதும் அவளிடம் கேட்டுத்தான்.

4. மலரக்கா

மலரக்கா பாயில் றாலைப் பரவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தி இருந்து சொன்னேன். வேறை சிம் ஒன்றும் இல்லை, மறுமுனையில் ஒருவரும் இல்லை, கேள்விக்குப் பயந்து செய்த வேலை என்று. அவர் நம்பவில்லை.

"அப்பிடியும் ஆரும் செய்வினமோ மிஸ்? விசரே?"

"நான் செய்யிறனான், அக்கா. சிக்னல் இல்லாத இடத்திலை கதைச்ச மிஸ் எண்டு கடையிலை கேட்டுப் பாருங்கோ."

அந்தக் கதை அவருக்கும் தெரிந்திருந்தது. சிரிக்கப் பார்த்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. றாலைக் கிளறிய கையும் நின்றுவிட்டது.

"எனக்கும் ஒண்டு போனது, மிஸ். கடைசிச் சண்டை நேரம், இடம்பெயர்ந்து போகேக்கை. இவன் சுதாகருக்கு இளையவன். ஒருத்தரும் என்னட்டை என்ன நடந்தது எண்டு கேக்கேல்லை. கேக்க ஆர் இருந்தது? எல்லாருக்கும் ஒவ்வொண்டு போயிருந்தது." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஒருத்தர் கேட்டிருக்கலாம் எண்டு இண்டைக்கும் நினைக்கிறனான். அதுதான் இவளை விடாமல் கேட்டனான். கேட்டால் ஆறும் எண்டு நினைச்சன்."

ஒரே துக்கத்துக்குக் கேள்வி ஒருத்திக்கு மருந்தாகவும் மற்றவளுக்கு முள்ளாகவும் இருக்கிறது என்பதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மலரக்கா எழுந்து கையைக் கழுவிவிட்டு உள்ளே போனார். அலுமாரியைத் திறந்து போனை எடுத்தார். சுதாகருக்குக் கோல் எடுக்கும்படி என்னிடமே தந்தார். அவன் எடுத்ததும் பறித்துக்கொண்டார்.

"டேய், கேக்குதோ? கேக்குதோ? உன்ரை பெண்சாதிக்கு வேறை சிம்மும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பிழை என்னிலை. முதலிலை அவளோடை கதை. ஒண்டும் கேக்காதை. அவள் அழுதால் அழட்டும், நீயும் அழு. போனை வைக்காதை."

போனை மருமகளின் கையில் கொடுத்துவிட்டு அறைக்கதவைச் சாத்தினார். நான் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. தர்சினியை எங்கள் டொக்டரிடமும் மனநலக் கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு வர நாள் சொல்லிவிட்டு வந்தேன். மலரக்கா தவறாமல் கூட்டிக்கொண்டு வந்தார். சுதாகரும் லீவில் வந்தான். முடிவு எடுக்க என்று கேட்ட லீவில் மனைவியோடு இருந்துவிட்டுப் போனான்.

கடையடியில் நடந்ததை நான் நேரில் பார்த்தேன். மாமியும் மருமகளும் வந்தார்கள். யாரோ ஒரு அம்மா தர்சினியைக் கண்டு, "என்ன பிள்ளை, இப்பிடி வாடிப் போனாய், என்ன நடந்தது?" என்று தொடங்கினார். தர்சினியின் கை போனுக்குப் போனது. மலரக்கா முன்னுக்கு வந்து நின்றார்.

"பெட்டைப் பிள்ளை. நல்ல நிறை. தவறிப்போச்சு. இனி என்ன கேக்கிறதெண்டாலும் என்னைக் கேளுங்கோ, நான் சொல்லுறன். அவளைச் சாமான் வாங்க விடுங்கோ."

தர்சினி பருப்பும் சவர்க்காரமும் வாங்கினாள்.

5. கேட்கிற வேலை

இதைப் படிக்கும் இளம் மிட்வைஃப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லலாம். நாங்கள் கொண்டுபோகும் கார்ட் முழுக்கக் கேள்வி. அது வேண்டும், அதை விட ஏலாது. ஆனால் கேட்பது என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு கருத்து இருக்கிறது: கேள்வி கேட்பது, காது கொடுத்துக் கேட்பது. சம்பளம் வாங்கிய இத்தனை வருசத்தில் முதலாவதைத்தான் நான் அதிகம் செய்திருக்கிறேன். இழந்த வீட்டுக்குப் போனால் முதலில் கதிரையைப் போட்டு இருங்கோ. கார்ட் பைக்குள் கிடக்கட்டும். உங்களைக் கண்டதும் ஒருத்தி போனைக் காதில் வைத்தால் கோபிக்க வேண்டாம், அவளுக்கு ஒரு கதவு தேவைப்படுகிறது. ஆனால் அந்த வீட்டுப் பாதையை மறந்துவிடவும் வேண்டாம்.

ஓய்வு பெறக் கொஞ்சம் முதல், தர்சினியின் வீட்டு ஒழுங்கையால் வேறு ஒரு வீட்டுக்குப் போனேன். தர்சினி படலையில் நின்று கூப்பிட்டாள். தேத்தண்ணி போட்டுத் தந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

"பிள்ளைக்குத் தலை நிறைய மயிர், மிஸ். நர்ஸ் கொண்டு வந்து காட்டினவா. என்ரை அம்மான்ரை மூக்கு அப்பிடியே."

குசினிக்குள் இருந்து மலரக்காவின் குரல் வந்தது. "ஆர் சொன்னது? நானும் பாத்தனான்தானே. அது எங்கடை பக்கத்து மூக்கு."

"இல்லை மாமி, உங்கடை பக்கம் சப்பை."

"சப்பையோ? வாறன் பொறு."

கையில் அகப்பையோடு மலரக்கா வெளியே வந்தார். பிள்ளை பிறந்த எல்லா வீட்டிலும் நடக்கிற அந்தச் சண்டை அங்கேயும் நடந்தது. நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.