கடைசி எட்டு

என்னிடம் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கேசட்டுகள் இருந்தன. மொத்தம் பத்தொன்பது. எல்லாம் நானே கீபோர்டில் போட்ட இசை. அதில் முடிந்துபோன இசை என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் பிரமாதமாக ஆரம்பிக்கும், இரண்டரை நிமிடம் ஓடும், அப்புறம் ‘டக்’ என்று பொத்தானை அமுக்கிய சத்தத்தோடு நின்றுவிடும். அந்த ‘டக்’தான் உங்கள் முத்திரை என்பாள் என் மனைவி. அதைச் சிரித்துக்கொண்டு சொன்ன காலமும் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. மதுரையில் காளவாசலுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் நான் தட்டச்சு வேலை பார்த்தேன். அவள் உசிலம்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர், உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவள். காலை ஆறரை மணி எழுமலை பஸ்ஸில் ஏறினால் வீடு திரும்ப ஏழாகிவிடும். இருவரும் களைத்துப்போன பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். அவள் காலெல்லாம் புழுதி, என் விரலெல்லாம் கார்பன் மை.

கீபோர்டு சிங்கப்பூரிலிருந்து அக்காவின் கணவர் கொண்டுவந்தது. கல்யாணத்துக்கு முன்பு நான் ஒரு மெல்லிசைக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவன். அடுத்தவர் போட்ட பாட்டை அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் வாசித்து அலுத்தவன். இந்தப் பெட்டியில் ஒரு பொத்தானைத் தட்டினால் உள்ளேயே தாளம் ஓடும். தாளக்காரருக்கு டீ வாங்கித் தர வேண்டாம், அவர் கோபித்துக்கொண்டு போகவும் மாட்டார். இனி எனக்கு யாரும் தேவையில்லை, நானே ஒரு குழு என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்கு நன்றாக அனுபவித்தேன்.

என் வேலை முறை இதுதான். இரண்டு டேப் ரெக்கார்டர் வேண்டும். ஒன்று என்னுடையது. இன்னொன்று, காளவாசலில் கேசட் கடை வைத்திருந்த நண்பனிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இரவல். முதலில் தாளத்தையும் கீழ்ச்சுரங்களையும் ஒன்றில் பதிய வேண்டும். அதை ஓடவிட்டு, கூடவே மெட்டை வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றதில் பதிய வேண்டும். மைக் அதன் உடம்பிலேயே இருக்கும். ஃபேன் சத்தம்கூட விழுந்துவிடும் என்பதால் ஃபேனை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, மதுரை வெயிலில் நடுமத்தியானம் சட்டையில்லாமல் உட்கார்ந்திருப்பேன். பாதி வாசிக்கும்போது தெருவில் கோலமாவுக்காரர் குரல் கொடுப்பார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

ஆனால் இசை நின்றுபோனதற்கு அவர் காரணமில்லை. நான்தான் காரணம். இரண்டரை நிமிடம் ஆனதும் கை தானாகத் தூக்கிக்கொள்ளும். இனி எங்கே போவது, எப்படி முடிப்பது என்று ஒன்றும் தோன்றாது. தோன்றுவதெல்லாம் மேடையில் வாசித்த ஏதோ ஒரு பாட்டின் முடிவாக இருக்கும். சீ என்று அதே கேசட்டை ரிவைண்ட் செய்து, பழையதை அழித்து அதன் மேலேயே புதிதாகப் பதிய ஆரம்பிப்பேன். பகலெல்லாம் நான் தட்டச்சு செய்யும் கிரயப் பத்திரங்களுக்கு முடிவு தயாராக இருக்கும். நான்கு எல்லையைச் சொல்லிவிட்டு, மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக்கொடுத்தது என்று கைநாட்டு வாங்கினால் ஆயிற்று. என் இசைக்கு எல்லை எது என்று எனக்கே தெரியவில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். முடித்துவிட்டால் அதை நாலு பேர் கேட்பார்கள், சுமார் என்பார்கள். முடிக்காதவரை அது பிரமாதம்தான். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

நண்பனிடம் புலம்பினேன். பாட்டுப் பட்டியலோடு வருகிறவர்களுக்குக் காலி கேசட்டில் பாட்டு பதிந்து கொடுப்பது அவன் தொழில். கேசட் முடியப் போகும் நேரம் பாட்டு மிச்சமிருந்தால் வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி மறைத்துவிடுவான்.

“இதுக்குப் போயி ஏன் மாப்ள மண்டையைப் போட்டு ஒடைக்கிற? முடிவு வரலைன்னா சத்தத்தை அப்படியே இறக்கி விட்ரு. எவனுக்குத் தெரியப் போவுது?” என்றான்.

எனக்குச் சுரீரென்றது. ஒரு வாரம் அவன் கடைப் பக்கமே போகவில்லை. அப்புறம் ரெக்கார்டர் வேண்டுமே, போனேன்.

சத்தத்தை இறக்கி மறைக்க முடியாத ஒரு வேலையும் எனக்காகக் காத்திருந்தது. என் மனைவி கேட்ட வேலை. பள்ளி ஆண்டு விழாவில் அவள் பிள்ளைகள் கூட்டாக டிரில் செய்வார்கள். எல்லா வருஷமும் விசிலும் டிரம்மும்தான். என் இசைக்குச் செய்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்கு ஆசை. முந்தைய வருஷமே கேட்டாள், தருகிறேன் என்றேன். அவள் அதை நம்பிப் பள்ளி முழுக்கச் சொல்ல, நிகழ்ச்சி நிரலில் ‘மின்னணு இசையுடன் கூட்டுப் பயிற்சி’ என்று அச்சடித்துவிட்டார்கள். விழாவுக்கு முதல் நாள் வரை என்னிடம் இரண்டரை நிமிடம்தான் இருந்தது. அவள் மைதானத்தில் விசிலோடு நின்றாள். தலைமையாசிரியை, “எங்க டீச்சர் உங்க வீட்டுக்காரர் மியூசிக்?” என்று மைக்குக்குப் பக்கத்திலேயே கேட்டாராம். அவள் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. கால் கழுவிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் மறுபடி கேட்டாள். ஆனால் பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

“அறுபது எட்டு வேணும்” என்று ஒரு நோட்டுத் தாளைக் கொடுத்தாள். டிரில்லில் எல்லாமே எட்டு எட்டாக எண்ணுவார்கள். ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணினால் ஒரு எட்டு. அப்படி அறுபது, நாலு நிமிடம். நாற்பத்தொன்பதாவது எட்டிலிருந்து பிள்ளைகள் தேராக மாறுவார்கள். நடுவில் படிப்படியாகச் சிலர் நிற்க, இரண்டு பக்கமும் கைகோத்த பிள்ளைகள் சக்கரமாகச் சுற்றுவார்கள். கடைசி எட்டு முடியும்போது இசை சட்டென்று நிற்க வேண்டும், சக்கரம் நிற்க வேண்டும், உச்சியில் நிற்பவள் கொடியைத் தூக்க வேண்டும்.

“முன்னாடி நின்னாலும் அசிங்கம், பின்னாடி இழுத்தாலும் அசிங்கம். தேரு நிலைக்கு வந்து நிக்கணும்ங்க. அம்புட்டுத்தான் எனக்கு வேணும்” என்றாள்.

விழாவுக்கு மூன்று வாரம் இருந்த ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கரண்டு போய்விட்டது. இரண்டு ரெக்கார்டர் முறைக்கு வழியில்லை. மூன்று மணி வரை பார்த்துவிட்டு, இன்றைக்கு நடக்காது என்று பாயை விரித்தேன். உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டாள்.

வீட்டில் இருந்த பேட்டரிக் கட்டைகளைத் தேடி எடுத்தோம். புதுக் கட்டைகளைக் கீபோர்டுக்குப் போட்டேன். சத்தம் சுத்தமாக வர வேண்டுமே. டார்ச் லைட்டில் கிடந்த பழைய கட்டைகளை ரெக்கார்டருக்குப் போட்டேன். தட்டிவிட்டால் பதியத்தானே போகிறது என்று நினைத்தேன். இசைக்காரன் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தச் சாத்திய அறையில் எனக்கு எதிரே நின்றாள். வாயை மட்டும் அசைத்து எண்ணிக்கொண்டு, டிரில்லை முழுசாகச் செய்ய ஆரம்பித்தாள். நான் வாசித்தேன். முப்பத்தெட்டாவது எட்டு வந்தது. என் கை தூக்கிக்கொண்டது. தாளம் மட்டும் பெட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ‘டக்’ அமுக்க விரல் போனது.

அவள் நிற்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. வேர்வை வழிய, கையைத் தூக்கிக் குனிந்து நிமிர்ந்து, முப்பத்தொன்பதுக்குப் போய்விட்டாள். இசையே இல்லாமல் ஒருத்தி தனக்கென்று எண்ணிக்கொண்டு ஆடுவதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? ஒரு எட்டு பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. அவள் கை போன உயரத்துக்கு ஒரு சுரம் வைத்தேன். குனிந்தால் இறங்கினேன். நல்லதா கெட்டதா என்று யோசிக்க நேரமில்லை. தேர் வந்தது. அவள் ஒருத்தியே அறைக்குள் சக்கரமாகச் சுற்றினாள். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. கையைத் தூக்கி நின்றாள். நானும் நிறுத்தினேன்.

போட்டுக் கேட்கலாம் என்றால் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு மங்கி அணைந்துவிட்டது. கரண்டு வர இரவாகிவிட்டது, தூங்கிப்போனோம். திங்கட்கிழமை அவள் கேசட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அன்றைக்கு நான் அடித்த பத்திரங்களில் ஒரு பிழைகூட இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் அவள் வந்து மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“பாட்டு ஓடுது ஓடுது, அப்படி ஓடுதுங்க. மூணரை நிமிசத்துல முடிஞ்சுபோச்சு. தேரு சுத்தயில ரெண்டு பிள்ளைக விழுந்து முட்டியப் பேத்துக்கிருச்சுக.”

போட்டுக் கேட்டேன். எனக்குப் புரிந்துவிட்டது. தேய்ந்த கட்டைகளில் ரெக்கார்டர் போகப்போக மெதுவாகச் சுற்றியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைக் கரண்டில் ஓடவிட்டால் வேகமாகத்தான் ஓடும். வேகத்தோடு சுதியும் ஏறி, கடைசியில் கீச்சென்று கேட்டது. உடம்பு கூசியது எனக்கு.

“இரு, வேற பதிஞ்சு தாரேன்” என்றேன்.

அவள் ரெக்கார்டரிலிருந்து கேசட்டை எடுத்தாள். வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை நெம்பி உடைத்தாள். அதை உடைத்துவிட்டால் பதியும் பொத்தான் இறங்காது, அழிக்க முடியாது. அதுவரை என் கேசட்டுகளில் ஒரு கீறல்கூடப் போடாதவள்.

“யாரைக் கேட்டு ஒடைச்ச?” என்று கத்தினேன்.

“உங்களைக் கேட்டா ஒடைக்க விட்ருப்பீங்களா?” என்றாள். “வேகமாப் போனாப் போவுது. நெட்டைப் பிள்ளைகளை வெளி வட்டத்துல விட்டுக்கிறேன், அதுகளுக்குக் கால் எட்டும். முடியுதுல்ல, எனக்கு அது போதும்.”

ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. கோபத்தைவிட வெட்கம் அதிகம். அந்தக் கீச்சுச் சத்தத்தை ஊரே கேட்கப் போகிறதே என்ற வெட்கம்.

விழாவுக்கு முந்தைய ஞாயிறு அவள் ஒரு சடங்கு வீட்டுக்குச் செக்கானூரணி போனாள். கேசட் வீட்டில் கிடந்த அவள் பள்ளிப் பையில் இருந்தது. அன்றைக்கு எனக்கு எல்லாம் வாய்த்தது. கரண்டு இருந்தது, இரண்டு ரெக்கார்டரும் இருந்தன. அவள் உடைத்த ஓட்டையின் மேல் செலோடேப்பைக் கிழித்து ஒட்டினேன். ஒட்டிவிட்டால் பொத்தான் இறங்கும். வேறு கேசட்டில் பதியக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. அந்தக் குறைப் பிரசவம் உலகத்தில் இருக்கும்வரை எனக்குப் புதிது வராது என்று பிடிவாதம்.

பொத்தானை இறக்கும் முன்பு ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தேன். நன்றாகத்தான் போனது. முப்பத்தெட்டு வந்தது, கை தூக்கிக்கொண்டது. மறுபடி ஆரம்பித்தேன், அதே இடம். எதிரே எண்ணுவதற்கு ஆள் இல்லை. நாலு மணி வரை உட்கார்ந்திருந்தேன். முதுகு விட்டுப்போனது. அப்புறம் செலோடேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு, கேசட்டை எடுத்த இடத்திலேயே வைத்தேன். ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்தேன். எனக்கு அழுகை வந்தது, சொன்னால் என்ன.

விழா அன்று மைதானத்தில் கூட்டத்தின் பின்னால் நின்றேன். நிகழ்ச்சி நிரலில் வெறும் ‘கூட்டுப் பயிற்சி’ என்றுதான் போட்டிருந்தது. ஒலிபெருக்கியில் என் இசை ஆரம்பித்தது. நாற்பது பிள்ளைகளின் கைகள் ஒன்றாக எழுந்தன. பாதியில் வேகம் பிடித்ததும் பக்கத்தில் நின்ற ஒரு விவசாயி என் பக்கம் திரும்பினார்.

“மிசினு கெட்டுப்போச்சா அண்ணே? இம்புட்டு வேகமாப் போவுது!”

தேர் எழுந்தது. வெளி வட்டத்தில் நெட்டைப் பிள்ளைகள் புழுதி பறக்க ஓடினார்கள். சக்கரம் சுழன்றது, சுதி ஏறியது, பெண்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். என் உதடு தானாக எண்ணியது. ஐம்பத்தொன்பது, அறுபது. நின்றது. சக்கரமும் நின்றது. உச்சியில் கொடி எழுந்தது. யாரும் விழவில்லை. கூட்டமே கைதட்டியது.

“அட, நிறுத்திட்டாகளே!” என்றார் விவசாயி.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பஸ் செக்கானூரணியைத் தாண்டியது. அப்புறம் அவள் பையிலிருந்து கேசட்டை எடுத்து, உடைந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

“திங்கக்கிழமையே பாத்தேன். இந்த ஓட்டை மேல பசை ஒட்டியிருந்துச்சு” என்றாள்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

“பொத்தானை அமுக்குனீங்களா?”

“இல்லை.”

“அதுக்கப்புறம் போட்டுக் கேக்கப் பயமா இருந்துச்சு. விழா வரைக்கும் கேக்கவே இல்ல. பிள்ளைகளை எண்ணிக்கைக்குத்தான் ஆட விட்டேன். இன்னைக்கு அதை ஓட விடயில, ரெண்டரை நிமிசத்துல நின்னுபோனா என்ன செய்றதுன்னு கையில விசிலைப் புடிச்சுக்கிட்டே நின்னேன்” என்றாள். கேசட்டை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.