ரெக்ஸ் அண்ணாச்சி இறக்கிய எடை

செய்தி வந்தபோது தூத்துக்குடித் துறைமுக வாசலில் ஒரு கன்டெய்னரின் காகிதங்களோடு நின்றுகொண்டிருந்தேன். ரெக்ஸ் அண்ணாச்சியின் மனைவி மெர்சி மைனியே போனில் கூப்பிட்டார். "சாந்தி, அவிய போய்ட்டாவ" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்து கொஞ்ச நேரமாவது உட்காருவேன் என்று முந்தின நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தார். சொன்ன நேரத்துக்கு லாரி அனுப்பாதவனைப் போனிலேயே உரித்துத் தொங்கவிடுகிற மனுஷன், தான் மட்டும் இப்படிச் செய்யலாமா?

துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் வேலை பார்க்கும் எல்லோருக்கும் ரெக்ஸ் அண்ணாச்சியைத் தெரியும். பெரியதாழைக் கடற்கரைக்காரர். ஆள் பெரிய உருவம், குரல் அதைவிடப் பெரியது. அவர் கஸ்டம்ஸ் ஆபீசுக்குள் ரகசியம் பேசினால் வெளியே டீக்கடையில் கேட்கும். நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் பல வருஷம் வேலை பார்த்தோம். ஆபீசில் என்னை "ஏளா" என்று கூப்பிடும் உரிமை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. வேலையில் அவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதை வேறு யாராவது எழுதுவார்கள். நான் எழுத வந்தது அவருடைய கார் பைத்தியத்தைப் பற்றி.

கொச்சியில் யாரோ ஓட்டி அலுத்துப்போன ஸ்போர்ட்ஸ் கார் அது. நீல நிறம், இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். கோயம்புத்தூர் ரேஸ் டிராக்கில் வருஷத்துக்கு ஒரு நாள் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கலாம். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கெடுத்துச் சொல்வார்கள். அண்ணாச்சி மனசுக்குள் ஒரு நேரத்தை வைத்திருந்தார். அதற்குள் ஒரே ஒரு சுற்று முடித்துவிட வேண்டும். அந்த நேரம் என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டார், சொன்னால் நடக்காதாம். எஞ்சினில் கைவைக்கச் சொன்னால் தலையாட்டி மறுத்துவிடுவார். "வேகமாப் போறதுக்கு எதையும் ஏத்த வேண்டாம்ளா. வேண்டாதத எறக்கிப்போடு, கார் தானா ஓடும்" என்பார்.

நான் இந்தக் கூத்தில் மாட்டியது எங்கள் கடைத் தராசால். என் வீட்டுக்காரர் கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடிக்காரர், டவுனில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். முதலில் அண்ணாச்சி காரை உப்பு லாரிகள் ஏறும் எடை மேடையில்தான் நிறுத்தினார். ஒரு மாதம் பாடுபட்டுக் கழற்றிய பிறகும் அது பழைய எடையையே காட்டியது. லாரிக்கென்று செய்த மேடை அது. பத்து, இருபது கிலோவையெல்லாம் அது கண்டுகொள்ளாது. "நான் என்ன உப்பு மூட்டையா ஏத்திட்டு வந்தேன்வே?" என்று மேடைக்காரரோடு சண்டை போட்டுவிட்டு நேரே எங்கள் கடைக்கு வந்தார். காரை எடை போட வேண்டாம், காரிலிருந்து வெளியே வருவதைப் போடுவோம் என்று நான்தான் வாயை விட்டேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தராசு அவர் ஷெட்டில்தான் இருந்தது, தராசுக்குப் பின்னால் நானும்.

ஸ்டெப்னி போனது. ஏசி போனது. தூத்துக்குடி வெயிலில் ஏசியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் வரை ஓட்டிப்போன ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும். ரேடியோ, கார்ப்பெட், கதவின் உள் அட்டை, ஒலிபெருக்கிகள், எல்லாம் போயின. இரும்புச் சக்கரங்களுக்குப் பதிலாக லேசான அலாய் சக்கரங்கள் வந்தன. சுற்றுகிற எடையை முதலில் குறைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தராசில் எண் விழுந்ததும் அதை மீனாக மாற்றிச் சொல்வார். பழைய பேட்டரி நல்ல சீலா ஒன்று, ஒலிபெருக்கி ஒரு பாறை மீன், கழற்றிய போல்ட்டுகள் கைப்பிடி நெத்திலி. நான் விடாமல் அதைக் கருப்பட்டி வட்டாக மாற்றிச் சொல்வேன். மைனி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, இதுகள் இரண்டுக்கும் முற்றிவிட்டது என்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார்.

மைனிக்கு அந்தக் கார் மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அது நியாயமான மனத்தாங்கல். கார் வந்த முதல் ஞாயிறு அவர் பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, கோயிலுக்குப் போகத் தயாராக வந்து நின்றார். மணப்பாடு வரைக்கும் கடற்கரை ரோட்டில் போய் அங்கே சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை. அண்ணாச்சி அதற்குள் இடது பக்கத்துச் சீட்டைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். "முழுசா ஒரு சுறாக்குட்டி மெர்சி!" என்று, தராசு வருவதற்கு முன்பே கையால் தூக்கிப் பார்த்த அந்த எடையை மைனியிடமே பெருமையாகச் சொல்லவும் செய்தார். மைனி ஒரு வார்த்தை பேசாமல் தன் சின்னக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பள்ளிக்கூட டீச்சர், தினமும் அதில்தான் வேலைக்குப் போவார். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பித்தளை மாதா சுரூபத்தை அண்ணாச்சி எடுத்துவிட்டு மாதா ஸ்டிக்கர் ஒட்டிய அன்றைக்குத்தான் மைனி வாயைத் திறந்தார். "மாதாவையும் தராசுல வச்சிட்டியளா? என்ன மீனு வந்துச்சு?"

கழற்றிய அந்தச் சிவப்புத் தோல் சீட்டுக்கு அண்ணாச்சி இரும்புக் கால் வைத்து ஆபீசுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவரைப் பார்க்க வந்த துறைமுகக்காரர்கள் நீங்கள் எல்லோரும் அதில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எங்கே வாங்கியது என்று கேட்டவர்களிடம் இம்போர்ட் என்று சொல்வார்.

ஒரு வருஷம் வேடிக்கை பார்க்க நாங்களும் பஸ்ஸில் போயிருந்தபோது, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரிப் பையன், "சார், காரை விட உங்க எடையைக் குறைச்சா ஈசியா இருக்குமே" என்று சொல்லிவிட்டான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. எங்கள் எல்லோர் மனதிலும் இருந்ததுதான், யாரும் சொல்லத் துணியவில்லை. அண்ணாச்சி கொஞ்சமும் அசரவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டு, "இது மெர்சி ஆக்கிப்போட்ட எடை தம்பி. அதுல கைவைக்க எனக்கு அதிகாரமில்ல" என்றார். இதை நான் ஊருக்கு வந்து மைனியிடம் சொன்னேன். "பேச்சுக்கொண்ணும் கொறைச்சல் இல்ல" என்று உள்ளே போய்விட்டார். போகும்போது முகம் மலர்ந்துதான் இருந்தது.

அடித்தகட்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் அவரே எழுந்து வந்து கேட்பார். காரின் அடியில் துருப் பிடிக்காமல் இருக்கத் தார் மாதிரி ஒன்று பூசியிருக்கும். அதையும் சூடு காட்டிச் சுரண்டி எடுத்துவிட்டார். இதைக் கோயம்புத்தூர்க்காரன் செய்தால் போகட்டும் என்று விடலாம். செய்தவர் உப்பளத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டியிருப்பவர். வருஷம் தவறாமல் வள்ளத்துக்குப் பெயின்ட் அடித்த குடும்பத்தில் பிறந்தவர். ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தால் தகடு அப்பளமாகக் கையோடு வருகிறது. வெல்டிங் வைத்துச் சேர்த்த புதுத் தகடு, சுரண்டிய தாரைவிட அதிக எடை. "ஊரே உப்ப அள்ளித் திங்குது, இவியளுக்கு உப்பு என்ன செய்யும்னு தெரியலயாம்" என்று மைனி அந்த வாரம் முழுக்கச் சிரித்தார். தன் பக்கத்துக்கு மட்டும் கனத்த தகடு போட்டுக்கொண்டு, யாரும் உட்காராத இடது பக்கத்தில் மெல்லிய அலுமினியத்தை ஒட்டி அண்ணாச்சி கணக்கை நேர் செய்தார்.

அப்புறம் வயிற்றில் நோய் வந்தது. அவ்வளவு பெரிய உடம்பு கரைந்து சட்டைகள் தொங்கின. "இத்தன வருஷமா கார்ல எறக்குனதெல்லாம் சேத்தாலும் நான் எறக்குனதுக்குக் கிட்ட வராதுளா" என்று அவர் சொன்னபோது என்னால் சிரிக்க முடியவில்லை. வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூர் தேதியும் நெருங்கியது. பெயர் கொடுத்துவிட்டேன் என்றார். ஆபீசில் வைத்தே சண்டை போட்டேன்.

"டாக்டர் சொன்னது காதுல விழலயா அண்ணாச்சி? மைனியப் பத்தி ஒரு நிமிசமாவது நெனச்சியளா?"

"இந்த எடைக்கு அந்த நேரம் கண்டிப்பா வரும்ளா. இன்னொரு வருசம் எனக்கு யாரு தருவா?" என்றார்.

நான் காகிதங்களை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் ஆபீசுக்குப் போனால் சிவப்பு நாற்காலியைக் காணவில்லை. இரும்புக் கால் மட்டும் மூலையில் கிடந்தது. மனசு கேட்காமல் மறுநாள் காலையில் வழக்கம்போல் தராசைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். வீட்டுக்காரரும் கூட வந்தார். அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காரின் இடது பக்கத்தில் அலுமினியம் போய்க் கனத்த இரும்புத் தகடு வெல்டிங் ஆகியிருந்தது. அதன் மேல் சிவப்பு சீட்டு. மெக்கானிக் கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். "தராச ஓரமா வை. இன்னைக்கு எடை கிடையாது" என்றார் அண்ணாச்சி.

மைனி வந்து பார்த்தார். "இதுக்கு இப்ப என்ன அவசரம்? ஓட்டக்கூடாதுன்னு சொல்லியிருக்குல்லா? என்னப் பக்கத்துல வச்சிக்கிட்டு எங்கயாவது விழப்போறியளா?" என்று குரல் உடையக் கத்தினார். அண்ணாச்சி சுவரைப் பிடித்து எழுந்து, காரைச் சுற்றி வந்து, இடது பக்கத்துக் கதவைத் திறந்து, மெதுவாக அந்தச் சிவப்பு சீட்டில் தான் உட்கார்ந்தார். சாவியை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"அந்தப் பக்கம் ஏறு மெர்சி. மணப்பாட்டுக்குப் போவோம்."

"எனக்கு இது ஓட்டத் தெரியாது."

"தெனமும் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிட்டுத்தான போற? இதுலயும் அதே மூணு பெடல்தான்."

மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். அவருடைய சின்னக் காரில் மாத்திரைப் பையோடு நானும் வீட்டுக்காரரும் பின்னால் போனோம். திருச்செந்தூர் தாண்டி, குலசை தாண்டி, வழியெல்லாம் அந்த ஸ்போர்ட்ஸ் காரை மினி பஸ் முந்தியது, பால் வண்டி முந்தியது. மைனி இரண்டாவது கியரை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்றார். அண்ணாச்சி ஒரு கையைக் கதவில் போட்டுக்கொண்டு மைனியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மணப்பாட்டில் பூசை முடிந்து கோயில் மேட்டில் காற்று வாங்கிக்கொண்டு நின்றோம். மைனியின் தோளில் கையூன்றித்தான் அவரால் நிற்க முடிந்தது. கோயம்புத்தூருக்கு வரவில்லை என்று அன்று காலையிலேயே போனில் சொல்லிவிட்டாராம். எனக்கு ஆறவில்லை. அவரோடு சண்டை போட்டதே நான்தான் என்றாலும் கேட்டுவிட்டேன். "போயிருந்தா இந்தத் தடவ அந்த நேரம் வந்திருக்கும்லா அண்ணாச்சி?"

"வந்திருக்கும்ளா," என்றார். "வந்தப்புறம் பக்கத்துல திரும்பிப் பாத்தா ஆளு இருக்காதே."

அதன் பிறகு சில வாரங்கள்தான் இருந்தார். அடக்கம் முடிந்த பிறகு, அவர் நினைவாக ஷெட்டில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று மைனி என்னிடம் சொன்னார். நான் எதையும் எடுக்கவில்லை. மணப்பாட்டில் அவர் சொன்ன அந்தப் பதிலை வைத்துக்கொண்டேன், அது போதும். என் வீட்டுக்காரர் தீபாவளிக்குக்கூடக் கடையை நேரத்தில் அடைக்காத மனுஷன். இப்போது சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஷட்டரை இழுத்துவிட்டு, என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு கடற்கரை வரை போய் வருகிறார். என்ன திடீரென்று என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு அண்ணாச்சி அந்தப் பதிலைச் சொன்னபோது, மாத்திரைப் பையைப் பிடித்துக்கொண்டு அவரும் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.