மலை இழுத்த சுவர்

செங்கம் ரோட்டில் பலராமன் மேஸ்திரி கட்டிய சுவர் ஒன்று மலைப் பக்கமாக இரண்டு அங்குலம் சாய்ந்து நின்றது. இருபத்தெட்டு வருஷத் தொழிலில் அவருக்கு இப்படி நடந்ததே இல்லை. கெஸ்ட் ஹவுஸ் கட்டும் அருணாதேவி அண்ணாந்து பார்த்துவிட்டு, "திங்கக்கிழமைக்குள்ள இடிச்சிக் கட்டுங்க. இல்லன்னா வேற மேஸ்திரிய பாத்துக்கறேன்" என்றாள். வேறு மேஸ்திரியாம்! இது ஊருக்குள் பரவினால் அப்புறம் யார் அவரைக் கூப்பிடுவார்கள்?

மனுஷன் சும்மா இருப்பாரா? இரண்டு நாள் மண்டையைக் குடைந்து காரணம் கண்டுபிடித்தார். அவ்வளவு பெரிய மலை பக்கத்திலேயே இருக்கிறது. சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடும் தூக்குக்குண்டை அது தன் பக்கம் இழுத்துவிட்டது. குண்டு நேராகத் தொங்கும் என்கிற விஞ்ஞானமே தப்பு!

அது 2003. உலகத்து விஞ்ஞானக்காரர்கள் எல்லாம் இன்டர்நெட்டில் கூடிச் சண்டை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பிரவுசிங் சென்டர் நடத்தும் மதிவதனி முன்னால் போய் உட்கார்ந்தார்.

"நியூட்டன் சொன்னது தப்புன்னு இங்கிலீஷ்ல போடும்மா."

"அவரு என்ன சொன்னாருன்னு தெரியுமா மேஸ்திரி?"

"தப்புன்னு தெரியுதில்ல? அப்புறம் அது எதுக்கு?"

சாய்ந்த சுவர், குண்டை இழுத்த மலை என்று அவர் சொன்னதையெல்லாம் அவள் தட்டிப் போட்டாள். மறுநாள் சாயங்காலமே பதில் வந்துவிட்டது. மதிவதனி படித்துச் சொன்னாள்.

"மலை குண்டை இழுக்கறது நெசந்தானாம். நியூட்டனே எழுதி வச்சிருக்காராம்."

பலராமன் மீசையை முறுக்கினார். "பாத்தியா, ஒத்துக்கிட்டானுங்க!"

"இருங்க. அந்த இழுப்பு ஒரு தலைமுடி கனம்கூட இருக்காதாம். ஜாஸ்தியா இழுத்திருந்தாலும் குண்டுதான் மலைப்பக்கம் போவும், சுவரோட தலை எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கணும்ங்கறாங்க. உங்க சுவரு எந்தப் பக்கம்?"

அவர் உள்ளங்கையைச் செங்குத்தாக நிறுத்தி இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அவர்கள் சொன்னதே சரியாக வந்தது.

"குண்டு என்ன எடை, நூல் எத்தனை அடின்னும் கேக்கறாங்க மேஸ்திரி. என்னன்னு போடட்டும்?"

பலராமனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"ஒண்ணும் போடாதம்மா. அந்தச் சுவத்துக்கு நான் குண்டே புடிக்கல. இத்தினி வருஷ சர்வீசு, கண்ணு போதும்னு ஏத்திட்டேன்."