பன்னிரண்டு நாள் மூத்தவள்

என் தங்கச்சி மகள் பாக்கியலக்ஷ்மிக்குப் பிறந்த தேதி இரண்டு உண்டு. ஒன்று என் தங்கச்சி சீனியம்மாள் பெற்றது. இன்னொன்று நான் கொடுத்தது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வேறு எங்கிருந்தும் தொடங்க முடியவில்லை.

நான் செல்லப்பா. கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாரில் சாக்குக் கடை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பதினோரு வயதில் போட்ட சட்டையோடு வந்தவன். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. மிளகும் சுக்கும் கப்பலேற்றுகிற பெரிய முதலாளிகள் என்னைக் கண்டால் நாற்காலி போடச் சொல்வார்கள். ஒரு பழைய சாக்கைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்து, இதில் முன்பு இருந்தது சீனியா, அரிசியா, மல்லியா என்று சொல்ல இந்தத் தெருவில் என்னைவிட்டால் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை.

சீனியம்மாள் புருஷன் தோணியில் சரக்கேற்றுகிறபோது காயலில் விழுந்து போய்ச் சேர்ந்தான். அவள் ஒரு சுக்குக் கிடங்கில் புடைக்கிற வேலைக்குப் போனாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டுதான் வேலை. சுக்குத் தூசியில் அது நாள் முழுக்க இருமும். பள்ளிக்கூடத்தில் விட்டால் நல்ல காற்றாவது கிடைக்குமே என்று 1954 ஜூனில் நான் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். அப்போது அதற்கு நாலரை வயசு. ஐந்து முடிந்தால்தான் சேர்ப்பார்கள்.

ஹெட்மாஸ்டரை நாங்கள் மாஷ் என்போம். குழந்தை வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும், தொட்டால் வயசு ஆயிற்று என்று அந்தக் காலத்துக் கணக்கு. பாக்கியத்துக்குக் கை நீளம். எங்கள் குடும்பத்துக் கை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள் என்று நான் கண்ணால் காட்டினேன். விரல் நுனி காதில் பட்டுவிட்டது.

வயசு என்ன என்று மாஷ் கேட்டார். ஐந்தரை என்றேன். ஐந்து என்று சொன்னால் சந்தேகம் வரும், ஐந்தரை என்று சொன்னால் வராது. இது வியாபாரத்தில் நான் கற்றது. கேட்கிறவன் நம்ப வேண்டுமென்றால் அரை சேர்த்துச் சொல்ல வேண்டும். மாஷ் பின்னோக்கி விரல் விட்டு எண்ணி, 1948 டிசம்பர் 20 என்று எழுதினார். டிசம்பர் நான் சொன்ன ஐந்தரையில் வந்தது. இருபது அவர் பேனாவில் வந்தது. அவள் நிஜமாகப் பிறந்தது 1949 கார்த்திகையில்.

அதற்குப் பிறகு அந்தத் தேதியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அவள் படித்தாள். மலையாளத்திலும் இங்கிலீஷிலும் படித்து, தமிழை என் கடைச் சாக்கில் அச்சடித்த எழுத்துகளைப் பார்த்துக் கற்றாள். 1972-ல் தேவராப் பக்கம் ஒரு காலேஜில் லெக்சரர் ஆனாள். உயிரினப் பாடம். எங்கள் ஆட்களில் முதல் லெக்சரர் அவள்தான். கல்யாணப் பந்தலில், தமிழர் சங்கக் கூட்டத்தில், மைக் கிடைத்த இடத்தில் எல்லாம் நான் சொல்வேன்: நாலரை வயசுப் பிள்ளையை ஐந்தரை என்று சொல்லிச் சேர்த்தேன், இன்றைக்குப் பாருங்கள். ஜனம் கை தட்டும். அவள் கூட்டத்தில் இருந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். கூச்சம் என்று நினைத்தேன்.

அவளுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. கும்பளங்கியில் நெல் அறுத்த வயலில் உப்புத் தண்ணீரை விட்டு வரப்புக் கட்டி செம்மீன், அதாவது நம்ம ஊர் இறால், வளர்ப்பார்கள். அதைக் கெட்டு என்பார்கள். ஒரு கெட்டில் செம்மீன் விரல் தண்டி வளரும், ஒட்டியிருக்கிற அடுத்த கெட்டில் கூட்டமாகச் செத்து மிதக்கும். ஒரே காயல், ஒரே தண்ணீர். ஏன் என்று யாருக்கும் தெரியாது. 1976-லிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பள்ளுருத்தி வழி பஸ் ஏறிப் போவாள். ராசப்பன் என்று ஒரு கெட்டுக்காரர், நல்ல மனுஷன், அவளை இறங்க விட்டார். முழங்கால் சேற்றில் நின்று குப்பியில் தண்ணீரும் சேறும் எடுத்து வந்து நோட்டில் எழுதுவாள். லெக்சரர் இப்படிச் சேற்றில் நிற்பதா என்று நான் ஒருநாள் கோபப்பட்டேன்.

"நீங்க சாக்கைத் தொட்டுச் சொல்றீங்கல்ல மாமா, நான் சேத்தைத் தொட்டுச் சொல்லணும். அவ்வளவுதான்" என்றாள்.



ஆனால் தொட்டுப் பார்த்தால் மட்டும் போதாதாம். நுணுக்கமான கருவிகள் வேண்டும். காலேஜில் இருந்தது கண்ணாடி கீறிய ஒரு மைக்ராஸ்கோப். டெல்லியில் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற ஒரு சர்க்கார் ஆபீஸ் உண்டு. அங்கே மனுப் போட வேண்டும். பழைய சட்டப்படி வருஷத்தில் எந்த மாதமும் போடலாம், வயசு கேட்க மாட்டார்கள், பிரின்சிபால் கையெழுத்து இருந்தால் போதும். 1979-ல் போட்டாள். ஒன்றரை வருஷம் கழித்து, டாக்டர் பட்டத்தை முடித்துவிட்டு வா என்று பதில் வந்தது. பாடமும் நடத்திக்கொண்டு, சீனியம்மாளின் மூச்சிரைப்பையும் பார்த்துக்கொண்டு, 1983 மார்ச்சில் முடித்தாள்.

அந்த வருஷம் பார்த்து டெல்லிக்காரர்கள் சட்டத்தை மாற்றினார்கள். புது மனுப் பாரம் ஆகஸ்டில் வந்தது. என் கடையில் சாக்குக் கட்டின் மேல் விரித்துவைத்து எனக்குத் தமிழில் சொன்னாள். இனிமேல் மனுக்கள் இரண்டு அடுக்கு. முப்பத்தைந்து முடியாதவர்கள் ஒரு அடுக்கு, அவர்களுக்கு நல்ல யோசனை இருந்தால் போதும். முடிந்தவர்கள் இன்னொரு அடுக்கு, அவர்கள் பத்துக் கட்டுரையாவது அச்சில் போட்டிருக்க வேண்டும். அவளுக்கு அச்சில் வந்தது மூன்று. வயசு 1984 ஜனவரி ஒன்றாம் தேதிக்குக் கணக்கு, பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் உள்ளபடி.

"அன்னைக்கு எனக்கு முப்பத்தஞ்சு முடிஞ்சு பன்னிரண்டு நாள்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு முப்பத்திநாலு முடிந்து ஒரு மாசம்தானே ஆகியிருக்கும், எனக்குத் தெரியாதா என்றேன். உங்களுக்குத் தெரியும், டெல்லிக்குத் தெரியாதே என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 1954-ல் பேசாமல் ஐந்து என்று சொல்லியிருந்தால் அவள் உள்ளே இருப்பாள். நான் சாமர்த்தியமாகச் சேர்த்த அந்த அரைதான் அவளை வெளியே தள்ளியிருந்தது.

வழி ஒன்று இருந்தது. சர்டிபிகேட் தேதி தப்பு என்றால், நகரசபைப் பிறப்புப் பதிவின் நகலும், குழந்தையைப் பள்ளியில் சேர்த்தவர் மாஜிஸ்டிரேட் முன் சத்தியம் செய்து கையெழுத்திட்ட பத்திரமும் மனுவோடு ஒரே உறையில் வர வேண்டும். அக்டோபர் 31-க்குள். முன்பெல்லாம் தபால் முத்திரையில் உள்ள தேதியைப் பார்ப்பார்கள். அதையும் மாற்றிவிட்டார்கள், அன்றைக்குள் ஆபீசுக்கே வந்து சேர வேண்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்ல முடியாது. அடுத்த வருஷம் அவளுடைய நிஜ வயசே முப்பத்தைந்தைத் தாண்டிவிடும்.

வெங்கிடராமன் வக்கீல் எனக்கு இருபது வருஷப் பழக்கம். நகரசபையில் தேடிப்பிடித்து நகல் வாங்கிக் கொடுத்தார். 'சீனியம்மாளுக்குப் பெண் குழந்தை' என்றுதான் இருந்தது, பேர் இல்லை. ஆகவே எல்லாம் என் சத்தியத்தில் நின்றது. அக்டோபர் பத்தாம் தேதி பத்திரத்தை எழுதிவைத்துக் கூப்பிட்டார். நானும் பாக்கியமும் போனோம். அவர் வாசித்தார். குழந்தைக்கு ஐந்து வயது ஆகவில்லை என்று தெரிந்திருந்தும், ஐந்தரை என்று நானே பொய்யாகச் சொன்னேன், என்று இருந்தது.

"அந்தப் 'பொய்யாக'வை எடுத்துருங்க சாமி" என்றேன்.

"அதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு செல்லப்பா? நீ கல்யாணப் பந்தல்ல மைக்ல சொன்னதுதானே. நானே ரெண்டு தடவை கேட்டிருக்கேன்" என்றார்.

பந்தலில் சொல்வது வேறு, முத்திரைத்தாளில் எழுதுவது வேறு. பந்தலில் சொன்னால் அது சாமர்த்தியம். தாளில் எழுதினால் அது குற்றம். அதைவிட இன்னொன்று இருந்தது. அந்த நவம்பரில் அதே பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் கமிட்டிக்கு என்னை எடுப்பதாகப் பேச்சு. மூன்றாம் வகுப்பில் பாதி படித்தவனை. அந்தப் பள்ளிக்கூடத்தின் ரிஜிஸ்டரில் நான் பொய் எழுத வைத்தேன் என்று நானே கையெழுத்துப் போட்டுக்கொண்டு எந்த முகத்தோடு அங்கே போய் உட்காருவது?

மாஷ் காதில் தப்பாக விழுந்துவிட்டது என்று எழுதுங்களேன் என்று வக்கீலிடம் சொன்னேன். நாலரை என்றுதான் நான் சொன்னேன், அவர் ஐந்தரை என்று எழுதிவிட்டார். மாஷ் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

வக்கீல் பாக்கியத்தைப் பார்த்தார். அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"எனக்கு முதல் எழுத்து எழுதப் பழக்கின கை அது மாமா. செத்துப்போனவர்மேல பழியைப் போட்டு எனக்கு ஒரு மைக்ராஸ்கோப்பும் வேண்டாம். நீங்க உள்ளதைச் சொன்னா சொல்லுங்க. இல்லைன்னா விடுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று பத்திரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அவள் ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை கேட்கிறவள் இல்லை. இருபதாம் தேதி காலேஜ் விட்டு வரும்போது கடையில் ஏறினாள். சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து சாயா குடித்தாள். தபால் டெல்லி போய்ச் சேர அஞ்சாறு நாள் எடுக்கும், இருபத்திரண்டுக்குள் போட்டால் பயமில்லை என்று மட்டும் சொன்னாள். பிறகு மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனாள். நான் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பத்திரம் அங்கேதான் இருந்தது, வேர்வையில் நனைந்து.

சீனியம்மாள்தான் விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே கடைக்கு நடந்து வந்து, நாலு பேர் சாக்கு எண்ணிக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்.

"வாயால சொல்லத் தெரிஞ்சவருக்குக் கையால எழுத வலிக்குதோ, அண்ணே?"

அன்றைக்கு இருபத்தேழு. மறுநாள் வெள்ளிக்கிழமை மாஜிஸ்டிரேட் முன் போய்க் கையெழுத்துப் போட்டேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, இங்கே, இங்கே என்று விரலால் காட்டினார். ஒரு நிமிஷ வேலை. அதற்காக நான் பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். திங்கட்கிழமை கடைசி நாள். அவள் முகம் வாடியிருந்தது. நான்தான் தைரியம் சொன்னேன். எந்த ஆபீசும் இரண்டு நாள் பொறுக்கும், நான் பார்க்காத ஆபீசா, நியாயமான காகிதம் உள்ளே இருக்கிறது என்று. 

உறை நவம்பர் இரண்டாம் தேதி சேர்ந்தது. ஜனவரியில் பிரிக்காமலே திரும்பி வந்தது, மேலே ஒரு சீட்டு ஒட்டி. என் சத்தியம், பிறப்புப் பதிவு, அவள் ஏழு வருஷமாக யோசித்து எழுதின பதினாலு பக்கம், எல்லாம் உள்ளே அப்படியே இருந்தது. டெல்லியில் ஒருத்தரும் படிக்கவில்லை. சீட்டில் குற்றம் வயசு என்று போடவில்லை. காலம் கடந்து வந்தது என்று போட்டிருந்தார்கள்.

கமிட்டிக்கு என்னை எடுத்தார்கள். மாலை போட்டார்கள். அந்தப் பத்திரம் இங்கே யார் கண்ணிலும் படவில்லை. படக்கூடாது என்றுதானே தள்ளிப்போட்டேன், நினைத்தபடியே நடந்தது. மாலை கழுத்தில் இருக்கும்போது மைக்கைக் கொடுத்தார்கள். வழக்கமான கதையை எதிர்பார்த்து முன்வரிசை சிரிக்கத் தயாராக இருந்தது. தொண்டை சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

பாக்கியம் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசி ஆறியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கும்பளங்கிக்குப் போவது மட்டும் மெதுவாகக் குறைந்தது. உடம்புக்கு முடியவில்லையா டீச்சர் என்று ராசப்பன் இரண்டு தடவை ஆள் சொல்லி அனுப்பினார். அவள் காலேஜிலேயே கமலாக்ஷி என்று ஒரு புது லெக்சரர், இருபத்தெட்டு வயசு. 1984 ஓணம் லீவில் பாக்கியம் தன் நோட்டுகள் ஒன்பதையும் ஒரு சாக்குப் பையில் போட்டு அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். பை என் கடையிலிருந்து வாங்கியதுதான். 

கமலாக்ஷி மனுப் போட்டாள், கிடைத்தது. கருவிகள் வந்தன. குறை சொல்வதற்கில்லை, உழைக்கிற பெண். மூன்று வருஷத்தில் கெட்டுச் சேற்றின் விவரத்தைக் கண்டுபிடித்து எழுதிவிட்டாள். அடியில் தேங்குகிற ஏதோ புளிப்பாம். பாக்கியம் எண்பதிலேயே என்னிடம் சொன்னதுதான், கருவி வைத்து நிரூபிக்கத்தான் அவளால் முடியவில்லை.

1988-ல் அது புத்தகமாக அச்சாகி வந்தது. பாக்கியம் கடைக்குக் கொண்டுவந்து காட்டினாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. உன் பேர் எங்கே என்றேன். முதல் பக்கத்தை விரித்து நீட்டினேன், அவள் பின்னாலிருந்து புரட்டி ஒரு வரியில் விரல் வைத்தாள். என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன்.

"தண்ணீரும் சேறும் சேகரிச்சுக் கொடுத்து உதவின எஸ். பாக்கியலக்ஷ்மிக்கு நன்றின்னு போட்டிருக்கு."

"எட்டு வருஷம் நீ சேறுதான் சேகரிச்சியா?"

"சேகரிச்சேன்ல மாமா? எழுதியிருக்கிறதுல பொய் ஒண்ணுமில்லையே."

குத்திக் காட்டச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். சாக்கைத் தொட்டால் தெரிகிறது, இந்தப் பெண்ணின் முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, இரண்டு மணிக்குக் கிளாஸ் இருக்கிறது என்று பஸ்ஸுக்கு நடந்தாள்.