தபால் ஆபீஸிலிருந்து எடுத்த பணம்

என் எழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு முப்பது வருஷமாக என் விரல்கள் பிடித்தது கோணி ஊசியைத்தான். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற மூட்டைகளுக்கு வாய் தைப்பது என் வேலை. பேச்சும் எனக்கு வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் கூச்சத்தில் சொல்ல வந்ததை விட்டு வேறு எதையாவது சொல்லிவிடுவேன். நடந்ததில் பாதி அந்தக் கூச்சத்தால் நடந்தது.

என் அண்ணன் கொழும்புக்குத் தோணியில் போய்வந்தவர். ஒரு கார்த்திகை மாதப் புயலில் அந்தத் தோணி திரும்பி வரவில்லை. தோணி முதலாளி அண்ணன் மனைவியின், என் மதினியின், கையில் ஒரு தொகை கொடுத்தார். மதினி அதைத் தொடவில்லை. இடியாப்பம் அவித்து விற்று மகளை வளர்த்தார், மிச்சம் பிடித்ததையும் அதோடு சேர்த்தார். அவருக்கு ஒரே நினைப்புதான். குடியிருந்த ஓட்டு வீட்டை விலைக்கு வாங்கிவிட வேண்டும். மகளோடு தன்னை யாரும் கிளம்பு என்று சொல்லக்கூடாது.

மதினிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆண்கள் நிற்கிற இடத்துக்கு வரவும் பிடிக்காது. அதனால் பணத்தைத் தபால் ஆபீஸில் என் பெயரில் போட்டோம். பாஸ்புக் மட்டும் அவரிடம், அரிசிப் பானைக்குள் இருந்தது.

பெரிய சண்டை நடந்த சமயம் அது. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டான் என்று தோணிக்காரர்கள் வந்து சொன்னார்கள். அடுத்தது தூத்துக்குடிதான் என்று ஊர் பேசியது. வசதி உள்ளவர்கள் புதுக்கோட்டைக்கும் அதற்கு அப்பாலும் வண்டி கட்டினார்கள். நாங்கள் மூட்டை தைக்கிற சரக்குக் கிட்டங்கியிலும் இதே பேச்சு.

"ஏலே, காசை எங்கன போட்டிருக்க?" என்று பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்தவன் என்னைக் கேட்டான்.

"தபால் ஆபீஸ்ல."

"சரிதான். ஜப்பான்காரன் வந்து ஜன்னலுக்குப் பின்னால உக்காந்து உனக்கு எண்ணித் தருவான். கும்பிடு போட்டு வாங்கிக்கலே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று நூல் நேராக ஓடவில்லை.

சனிக்கிழமைதோறும் கிட்டங்கிக்கு ஒரு அண்ணாச்சி வருவார். உள்ளூரில் புதிதாகத் தொடங்கிய ஒரு பேங்குக்கு எங்களிடம் பணம் சேர்க்கிறவர். அந்த வாரம் என் பக்கத்தில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"வெள்ளைக்காரன் கப்பலேறிப் போயிருவான். அவன் போனா அவன் பாஸ்புக்கும் போச்சு. இது நம்ம ஆளுக பேங்கு. நாங்க எங்கன போவோம்? செத்தாலும் இங்கனதான கெடப்போம்."

மதினியிடம் போய்ச் சொன்னேன். அவர் பானையிலிருந்து பாஸ்புக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, சர்க்கார் போனா அதுல போட்டதும் போயிருமா?"

"ஆமா மதினி" என்றேன். அவ்வளவு தீர்மானமாக என் ஆயுசில் நான் வேறு எதையும் சொன்னதில்லை. மறுநாளே தபால் ஆபீஸ் கணக்கை முடித்து, பணம் முழுவதையும் பேங்கில் போட்டேன். என்னைப் பார்த்துக் கிட்டங்கியில் இன்னும் ஏழெட்டுப் பேர் போட்டார்கள்.

குண்டு விழவில்லை. சண்டை முடிந்தது. வெள்ளைக்காரனும் போனான். அதற்கு மறு வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மதினி கிட்டங்கி வாசலில் வந்து நின்றார். அதற்கு முன் அவர் அங்கே வந்ததே கிடையாது.

"தம்பி, மீன் வாங்குத இடத்துல பேசுதாவ. பேங்கு ஆடுதாம். நாளைக்கே எடுத்துருங்க. வீட்டுக்காரரும் கிரயம் எழுதிரலாம்னு சொல்லிட்டாவ."

மறுநாள் காலையில் பேங்குப் பாஸ்புக்கை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். அண்ணாச்சி உள்ளேயிருந்து வந்து என் தோளில் கை போட்டார்.

"அடடே, நம்ம தம்பி! கிட்டங்கியையே எனக்குக் கொண்டுவந்து தந்தவன். நீயுமாலே பணம் எடுக்க வந்திருக்க?"

வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"இல்ல அண்ணாச்சி. சும்மா வந்தேன்."

"பாத்தியளா? மூட்டை தைக்கிறவனுக்கு இருக்கிற தைரியம் உங்களுக்கு இல்லையே!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, கடையிலிருந்து காப்பி வரவழைத்துத் தந்தார். குடித்தேன். நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வரிசையை விட்டு விலகி வீட்டுக்குப் போனார்கள்.

மதினியிடம், "கேட்டேன், திங்கட்கிழமை வரச் சொல்லுதாவ" என்றேன்.

திங்கட்கிழமை பேங்கின் கதவில் பூட்டும் ஒரு காகிதமும் தொங்கின. கொஞ்ச நாளில் கோர்ட்டிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. ஒரு வக்கீல் குமாஸ்தா படித்துச் சொன்னார். இருக்கிற சொத்தை விற்று, பதினாறு அணா ரூபாய்க்கு மூன்று அணா போலக் கிடைக்கலாம்.

"மிச்சத்துக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டேன்.

"யாருமில்ல" என்றார்.

வீட்டை வேறொருவர் வாங்கினார். மதினி மகளைக் கூட்டிக்கொண்டு வேம்பாரில் தன் தம்பி வீட்டுக்குப் போனார். இப்போது தாயும் மகளும் உப்பளத்தில் வேலை செய்கிறார்கள். பஸ் ஏறும்போது மதினி என்னைத் திட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்.

"தம்பி, அன்னைக்கு நீங்க கேட்டியள்லா?"

"கேட்டேன் மதினி."

அதன் பிறகு ஒருநாள், வேம்பாருக்கு எழுதக் கார்டு வாங்கத் தபால் ஆபீஸுக்குப் போனேன். சேவிங்ஸ் ஜன்னல் முன்னால் அண்ணாச்சி நின்றார். நான் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு வந்த அதே மாதிரிப் பாஸ்புக் அவர் கையில் இருந்தது. அவர் அதை மறைக்கக்கூட இல்லை.

"இதுல எப்பம் போட்டிய அண்ணாச்சி?" வாயைத் திறந்து அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பேங்கு மூடுததுக்கு ஒரு வாரம் முந்திலே. பிள்ளைகுட்டிக்காரன்லா நான்? இங்க போட்டா சர்க்கார் ஜாமீன். கொடி மாறினாலும் ஜாமீன் மாறாது. பேங்குல போட்டதுக்கு யாரு ஜாமீன் நிப்பா?" பாஸ்புக்கை மடியில் செருகிக்கொண்டு, "உனக்கு இது தெரியாதா?" என்றார், நிஜமாகவே ஆச்சரியப்பட்டவர் போல.

எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் தன் பணத்தைக் காப்பாற்றிக்கொண்டதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அந்தக் காப்பியைத்தான் மன்னிக்க முடியவில்லை. நான் அதைக் குடித்தபோது அவர் பணம் தபால் ஆபீஸில் பத்திரமாக இருந்தது. என்னை நாற்காலியில் உட்கார வைத்து வரிசைக்குக் காட்டினார்.

போன வாரம் கோர்ட் வழியாகப் பணம் வந்தது. ரூபாய்க்கு மூன்று அணாதான். நாளைக் காலை பஸ்ஸில் அதை வேம்பாருக்குக் கொண்டுபோகிறேன். மதினி அங்கே எல்லோரிடமும், "என் கொழுந்தன் கேட்டார், அவங்கதான் கொடுக்கல" என்று சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. நேரில் நின்று என்னால் பேச முடியாது. அதனால் பணத்தோடு இந்தக் காகிதத்தையும் கொடுக்கப்போகிறேன். மகள் படித்துச் சொல்லட்டும்.

நான் கேட்கவில்லை மதினி. வரிசையில் நின்றேன், காப்பி குடித்தேன், வந்துவிட்டேன்.

1949, ஐப்பசி மாதம் 14ஆம் தேதி.